விசிறியை யார் வீசுவது?

"யார் நீங்கள்?" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. கம்ப்யூட்டர் திரையில் அதைப் பார்த்ததும் சிவஞானம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

முன்பின் தெரியாத ஒரு மனிதர், தில்லியின் ஏதோ ஒரு மூலையில், தன் கடிதத்தைப் படித்திருக்கிறார். படித்ததோடு நில்லாமல் பதிலும் போட்டிருக்கிறார். நடுவில் தபால்காரர் இல்லை, தபால்தலை இல்லை. சிவஞானத்துக்கு மெய்சிலிர்த்தது.

மத்திய அமைச்சகம் ஒன்றில் கடிதம் எழுதியே தலை நரைத்தவர் அவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, 2002 ஏப்ரலில் நேரு பிளேஸில் அச்சுதன் என்பவரின் இன்வர்ட்டர் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அறிமுகமே இல்லாதவர்களுக்கு ஈமெயில் எழுதி இன்வர்ட்டர் வாங்க வைப்பதுதான் வேலை. அச்சுதன் ஒரு முகவரிப் பட்டியலைக் கொடுத்து, "மேலேருந்து வரிசையா எழுதுங்க. எழுத எழுதத்தான் சார் கை வரும். ஜூன் முடியறதுக்குள்ள ஒரே ஒரு ஆர்டர். இல்லேன்னா நமஸ்தே சொல்லிக்கலாம்" என்றிருந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸை வேறு சீக்கிரம் காலி செய்தாக வேண்டும். பென்ஷனை மட்டும் நம்பித் தில்லியில் வாடகைக்கு வீடு எடுத்தால் சோற்றுக்கு என்ன செய்வது?

அதனால் முதல் ஈமெயிலை உயிரைக் கொடுத்து எழுதியிருந்தார். 'கீழே கையொப்பமிட்டுள்ள நான் தங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிக்கப்பட்டுள்ளது யாதெனில்' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பொருள், பார்வை, பத்தி, உட்பத்தி என்று இன்வர்ட்டர் விஷயத்துக்கு வரும்போது மூன்றாவது பக்கம் ஆகியிருந்தது.

அதற்குத்தான் 'யார் நீங்கள்?' என்ற பதில். சிவஞானம் அதைப் பிரிண்ட் எடுத்து, ஃபைல் போட்டு, நூல் கோத்துக் கட்டினார். பிறகு தான் யார், எந்தெந்தப் பிரிவில் பணியாற்றினார், யார் யாரிடம் நற்சான்று பெற்றார் என்பதை விவரமாக எழுதி அனுப்பினார்.

'உங்கள் கதை எனக்கெதற்கு?' என்று பதில் வந்தது.

வேறு யாராவது என்றால் மனம் நொந்திருப்பார்கள். சிவஞானம் அசந்துபோனார். அமைச்சகத்தில் வரைவை மேலே வைத்தால், பெரிய அதிகாரிகள் இப்படித்தான் ஓரத்தில் ஒரு வரி கிறுக்கித் திருப்பி அனுப்புவார்கள். திருத்தி மறுபடி வைக்க வேண்டும். பெயர்கூடப் போடாத இந்த மனிதர் எவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரோ என்று எண்ணிக்கொண்டு, தன்னைப் பற்றிய பேச்சை முழுக்க எடுத்துவிட்டு இன்வர்ட்டரைப் பற்றி மட்டும் எழுதினார். பேட்டரி, வோல்ட், வாரண்டி, எடை எல்லாம் இருந்தது.

'தூக்கம் வருகிறது' என்று பதில் வந்தது.

இன்வர்ட்டரையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது தில்லி வெயிலைப் பற்றிய இரண்டு வரி.

'இதில் என்னதான் விற்கிறீர்கள்?' என்று கேட்டது அடுத்த பதில். எழுத்தில் கோபம் ஏறிக்கொண்டே போனது, சிவஞானத்தின் பக்தியும் கூடவே ஏறியது.

ஜூன் மூன்றாவது வாரம் அச்சுதன் கூப்பிட்டு விசாரித்தார்.

"இதுவரைக்கும் எத்தனை பேருக்கு எழுதியிருக்கீங்க?"

"ஒருத்தருக்கு சார்."

"பட்டியல்ல அத்தனை பேர் இருக்காங்களே?"

"முதல் ஃபைலே இன்னும் பெண்டிங்ல இருக்கு சார். அத முடிக்காம அடுத்தத எப்படித் தொடுறது?"

அச்சுதன் தலையில் கையை வைத்துக்கொண்டார். என்னவோ சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

அன்று மாலை குவார்ட்டர்ஸில் கரண்ட் போயிற்று. இருட்டில் உட்கார்ந்து சிவஞானம் புலம்பினார். வேலை போவதைவிட, அந்த மகானுக்குப் பிடித்த மாதிரி ஒரு வரி எழுத வரவில்லையே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அவர் மனைவி தங்கத்துக்கு எரிச்சலாக வந்தது.

"அந்த மிஷின் பேச்சத் தூக்கி அங்கிட்டு வைங்க. கரண்ட் போனா நம்ம வீட்டுல என்ன நடக்கு? விசிறிய யாரு வீசன்னு சண்டை நடக்கு. இத எழுதாம என்னத்தத்தான் எழுதுதீய?" என்று சொல்லி, விசிறியை அவர் மடியில் போட்டாள்.

சிவஞானம் விசிறியைக் கையில் எடுத்தார். சண்டை எப்படி முடிந்தாலும், இருபத்தெட்டு வருஷமாக இந்த வீட்டில் விசிறியை வீசியது யார் என்று அன்றுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. கரண்ட் வரும்வரை அவரே வீசினார்.

மறுநாள் காலையில் எழுதினார். மொத்தமே நான்கு வரி.

'ஐயா, நேற்று எங்கள் வீட்டில் கரண்ட் போயிற்று. விசிறி எப்போதும் என் மனைவியின் கையில்தான் இருக்கும், நான் தூங்கிவிடுவேன். ஒரு இன்வர்ட்டர் இருந்தால் அவளும் தூங்குவாள். உங்கள் வீட்டில் விசிறியை வீசுவது யார்?'

அனுப்பிவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். மரியாதை இல்லாமல் கேள்வி கேட்டுவிட்டோமோ என்று அனுப்பியதையே திரும்பத் திரும்பப் படித்தார். சாப்பாட்டு வேளைக்குப் பிறகு பதில் வந்தது.

'என் மனைவி. ஒன்று அனுப்புங்கள்.'

பில் சாந்தகுமாரி என்ற பெயருக்குப் போட வேண்டும் என்று மயூர் விஹார் விலாசம் ஒன்றும் இருந்தது. சிவஞானத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை தப்பியது. அதைவிட, அந்த ஃபைல் முடிந்தது.

இன்வர்ட்டரை மாட்டப்போகும் ஃபிட்டர் கருப்பசாமியோடு தானும் போவேன் என்று அடம் பிடித்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி ஒரு சீப்பு வாழைப்பழமும் பூவும் வாங்கிக்கொண்டார். பிரிவு உபசாரத்தில் போட்ட கோட்டை அந்த வெயிலிலும் போட்டிருந்தார்.

"யாரு சார் அவரு, இவ்வளவு பயப்படுறீங்க?" என்று கருப்பசாமி கேட்டான்.

"ஜாயின்ட் செக்ரட்டரிக்குக் குறைஞ்சவரா இருக்க முடியாதுப்பா. ஒத்த வரியில மனுசன ஆளாக்கிட்டாரு."

ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். சிவஞானம் பழத்தையும் பூவையும் நீட்டி, தன் பெயரைச் சொல்லி, அந்தப் பெரியவரை ஒரு தடவை கண்ணால் பார்த்து நமஸ்காரம் செய்துவிட்டுப் போக அனுமதி வேண்டும் என்றார்.

அம்மாள் உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க முதலாளி வெக்கப்பட்டுக்கிட்டு வெளியில வர மாட்டேங்கறார் சார், தான் பண்ற இன்வர்ட்டர் பத்து நாள் தாங்காதுன்னு அதை எட்டு வருஷமா எங்க வீட்டு வாசப்படி ஏத்தாத மனுஷன், உங்க மெயிலைப் படிச்சுட்டு தானே ஆர்டர் போட்டுட்டாரே."