நான் எழுதினேன், தேங்காய் எழுந்து நின்றது

போன மாசம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. சொந்தமாக ஒரு வலைப்பதிவு ஆரம்பிக்க வேண்டும்.

சங்ககிரியில் என் வயசுக்காரர்கள் எல்லாம் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் இலக்கியத்துக்குத் தொண்டு செய்யக் கிளம்பினேன். ரெண்டில் தைலம்தான் உருப்படியான வேலை என்று அப்போது தெரியவில்லை.

வலைப்பதிவு திறப்பது ஒன்றும் கஷ்டமில்லை. பெயர் கேட்டது, கொடுத்தேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். அப்புறம் நான் ரோபோ இல்லை என்று உறுதி சொல்லச் சொன்னது. மாடிப்படி ஏறும்போது என் முழங்கால் போடும் சத்தத்தை அதுவும் கேட்டிருக்கும் போல.

முதல் பதிவு போட்டேன். "அனைவருக்கும் வணக்கம். நான் இன்று முதல் எழுதுகிறேன்."

மூன்று நாளில் ரெண்டு பேர் படித்திருந்தார்கள். ஒருத்தர், என் போனிலிருந்து நான். இன்னொருத்தர், என் மனைவி போனிலிருந்து நான்.

"இதையெல்லாம் எவன் படிப்பானுங்க? தெனமும் வாயில கத உடறீங்களே, அத எழுதுங்க" என்றாள் மனைவி. திட்டுகிறாளா, யோசனை சொல்கிறாளா என்று நான் விசாரிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் வேலை பார்த்தது திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் கம்பெனி ஒன்றில். ஆகையால் கதையும் அதுவேதான். ஒடிசா காட்டுக்குள் மூன்று ஊர் தண்ணியில்லாமல் தவிக்கிறது. இன்ஜினியர்கள் மிஷினை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். நான் நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு வெறுங்காலில் நடந்தேன். ஓரிடத்தில் தேங்காய் குடுமியை நட்டுக்கொண்டு எழுந்து நின்றது. அங்கே துளை போட்டோம். பீறிட்ட தண்ணி, ரிக் மேலே நின்ற ஹெல்பரைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் உச்சியிலேயே நின்று ஒரு பீடியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

பீடி நனையாதா என்று யாராவது கேட்பார்கள் என்று பயந்தேன். கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் போன் வந்தது. ஆட்டையாம்பட்டியிலிருந்து சம்பந்தி, என் மகளுடைய மாமனார்.

"ஏனுங்க சம்பந்தி, இத்தன வித்தைய வச்சுக்கிட்டு ஒரு வார்த்த சொல்லலீங்களே?"

அவருடைய கிணறு வற்றிப்போய் ரெண்டு மாசமாம். நாளை மறுநாள் ரிக் வருகிறதாம். அதற்குள் நான் வந்து தேங்காய் வைத்துப் பாயிண்ட் பார்த்துக் கொடுத்துவிட வேண்டுமாம்.

முடியாது என்றால் பொண்ணு எடுத்த வீட்டுக்காரரை மதிக்கவில்லை என்றாகும். போய் ஒரு இடத்தைக் காட்டி, தண்ணிக்குப் பதில் புழுதி கிளம்பினால், "உங்கப்பன் பார்த்த பாயிண்ட்டு" என்ற பேச்சை என் மகள் கவிதா ஆயுசுக்கும் கேட்க வேண்டும். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட அந்தப் பேச்சுதான் வரும்.

நேரில் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறினேன். சத்தியமாக அந்த எண்ணத்தோடுதான் போனேன்.

அங்கே போனால் அக்கம்பக்கத்து விவசாயிகள் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். சம்பந்தி என் பதிவைப் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டுக் கையில் வைத்திருக்கிறார். கூட்டத்தில் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பீடி குடிச்ச எடம் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குதுங்க" என்றார்.

இதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நாக்கு நுனிவரை வந்த உண்மையை அப்படியே விழுங்கிவிட்டேன். எழுத்தாளன் கெட்டுப்போக லேமினேஷன் ஒன்றே போதும்.

சரி, உண்மையைச் சொல்லாமலே தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். தேங்காயை எங்கேயும் எழுப்பக் கூடாது. காடு தோட்டம் முழுக்க நடந்துவிட்டு, இங்கே நீரோட்டம் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். போரும் இல்லை, பழியும் இல்லை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பதிவில் அப்படித்தானே இருக்கிறது. உச்சி வெயில். மஞ்சள் காட்டில் நடந்தேன், தேங்காய் பேசாமல் படுத்திருந்தது. வரப்பில் நடந்தேன், அசையவில்லை. பின்னால் வந்த கூட்டத்தின் முகம் தொங்கத் தொங்க எனக்குத் தெம்பு கூடியது. அந்தத் தெம்பில் எங்கே மிதிக்கிறேன் என்று பார்க்காமல் களத்தில் கால் வைத்துவிட்டேன்.

சம்பந்தி புதுசாகப் போட்ட சிமெண்ட் களம். தோசை ஊற்றினால் வெந்துவிடும். நாலு எட்டு ஓடிவிடலாம் என்று பார்த்தேன். நடுக்களத்தில் உள்ளங்கால் பற்றிக்கொண்டது. நான் துள்ள, கை உதற, தேங்காய் சும்மா சிப்பாய் மாதிரி எழுந்து நின்றது.

களமே ஆர்ப்பரித்தது. நான் வலியில் குதிக்கிறேன், எனக்கு அருள் வந்துவிட்டது என்று ரெண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள்.

சம்பந்தி ஒரு நிமிஷம் புதுக் களத்தைப் பார்த்தார். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு, கடப்பாரையைக் கொண்டுவரச் சொன்னார்.

இதற்கு மேல் தாங்காது என்று உடைத்துச் சொல்லிவிட்டேன். "சம்பந்தி, கால் சுட்டுப் போச்சுங்க. அதான் குதிச்சேன். தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அவர் மற்றவர்களைப் பார்த்து, வித்தை தெரிந்தவர்கள் எல்லாம் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்றார்.

"அந்த ஒடிசா கதையே பொய்யிங்க."

"பொய்ய எங்கயாச்சும் எழுதி வைப்பாங்களா? எழுத்துல இருக்குதுல்லங்க" என்று லேமினேஷனைத் தட்டிக் காட்டினார்.

கடப்பாரைக்காரர் கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். அப்போதுதான் கவிதா மோர்ச் செம்போடு வந்தாள். களத்தையும், கடப்பாரையையும், ஒற்றைக் காலில் நிற்கிற என்னையும் பார்த்தாள். அந்த அட்டையை வாங்கி நின்றவாக்கிலேயே படித்தாள்.

"மாமா, அப்பா ரிக் கம்பெனில டயர் குடோனைப் பாத்துக்கிட்டு இருந்தாருங்க. ரிக் வண்டியில அவரு ஏறுனதே ஆயுத பூஜைக்குப் பொரி வாங்கத்தானுங்க."

தேங்காய் என் கையில் மெல்லப் படுத்துக்கொண்டது.

"நெசமாவா சாமி?" என்று கவிதாவைக் கேட்டார் சம்பந்தி.

"ஆமாங்க மாமா. அவரு ஒடிசாப் பக்கம் போனதே இல்லீங்க."

கடப்பாரையை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார் சம்பந்தி. வந்தவர்களுக்கு மோர் கொடுத்து அனுப்பினார். என்னை நிழலில் உட்காரவைத்து, கொப்புளத்துக்கு வெண்ணெய் வைக்கச் சொன்னார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

பஸ் ஏற்றிவிட வந்தவர், வண்டி நகரும்போது ஜன்னலோரம் வந்து மரியாதையாகச் சொன்னார்.

"சம்பந்தி, இனிமே உங்க ஊட்டுச் சேதி எதுன்னாலும் கவிதா புள்ள வாயால சொன்னா நம்பிக்கறனுங்க. நீங்க எழுதி மட்டும் அனுப்பாதீங்க."

என் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான்.