இருபதாயிரம் பேர் நலம்

திருத்தங்கல்,
14.10.2006

காரியாபட்டியில் இருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி நாகையா அவர்களுக்கு, ரத்தினசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குருவம்மாளும் தாங்கள் கொடுத்த தேனீக்களும் நலம். அங்கே தங்கள் நலத்தையும், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை, எங்கள் இசைவாணி ஆகியோர் நலத்தையும் அறிய ஆவல். போனில் பேசினால் பாதிதான் என் காதில் விழும் என்பது தாங்கள் அறிந்ததே. முப்பத்திரண்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் வெடித்துப் பார்த்துச் சரிபார்க்கும் வேலை செய்தவனுக்குக் காது மிச்சமிருப்பதே பெரிது. அதனால்தான் இந்தக் கடிதம்.

தாங்கள் தேனீப் பெட்டியைக் கொடுத்தபோது, ஓய்வு பெற்றவனுக்கு இது என்ன தொந்தரவு என்று மனதுக்குள் நினைத்தேன். மன்னிக்கவும். அதன் இரைச்சல் எனக்குக் கேட்காது. ஆனால் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஒரு துடிப்பு தெரியும். தினமும் காலையில் கையை வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குக் காப்பி இறங்கும்.

இப்படி இருக்கையில் ஊரெல்லாம் இந்த மூட்டுக் காய்ச்சல் வந்து, தெருவில் ஒருவரும் நிமிர்ந்து நடக்கவில்லை. குருவம்மாள் சுவரைப் பிடித்துத்தான் அடுப்படிக்குப் போகிறாள். போன செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் மைக் கட்டி ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். என் காதில் 'பரிசு விருந்து' என்று விழுந்ததால், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டு மூக்கம்மாள்தான் என் காதருகே வந்து, "விருந்து இல்ல அண்ணாச்சி, மருந்து! கொசு மருந்துப் புகை அடிக்க வாராக!" என்று கத்தினார். கொசு சாகும் மருந்தில் ஈ மட்டும் பிழைக்குமா? தெருமுனையில் அந்தப் புகை வண்டி தெரிந்ததும் நான் ஓடிப்போய் நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டேன், சலவைச் சட்டையோடு.

வண்டிக்காரர் பெயர் பாண்டிராஜ். எந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"தள்ளுங்க அண்ணாச்சி. மூச்சு முட்டிரும்."

"தம்பி, எங்க வீட்டுல ஆளு இருக்கு. அடிக்காதீக."

"எம்புட்டுப் பேரு?"

"இருபதாயிரம் பேரு."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் எனக்கும் வந்துவிட்டதாக நினைத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் வாசலோரம் இருந்த தேனீப் பெட்டியைக் காட்டினேன். அதற்குள் மூக்கம்மாள், "என் முட்டி வலிக்கு இவரு ஈயா வந்து ஒத்தடம் குடுக்கும்? நீங்க அடிங்க தம்பி!" என்று சத்தம் போட, தெருவே அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. அவர்கள் சொல்வதும் நியாயம்தானே சம்பந்தி. என் வீட்டிலேயே ஒருத்தி நடக்க முடியாமல் கிடக்கிறாள்.

பாண்டிராஜ்தான் வழி சொன்னார். "போன வாரம் இன்னொரு தெருவுல வேப்பமரத்துக்கு அடியில ஈயா செத்துக் கெடந்துச்சு அண்ணாச்சி. நான்தான் கூட்டி அள்ளுனேன். மனசே சரியில்ல. உங்க தெருவுக்குக் கடைசியா வாரேன். இருட்டுறதுக்குள்ள எல்லாம் கூட்டுக்குள்ள அடைஞ்சிரும்லா? பெட்டி வாசல அடைச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடுங்க."

சொன்னபடி ஏழு மணிக்கு வந்தார். நான் வலைத்துணியால் வாசலை அடைத்து, சாக்கை நனைத்துப் போட்டிருந்தேன். ஆனால் சாக்கு ஒரு பக்கம் எட்டவில்லை. புகை வெள்ளையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த இடைவெளியில் என் முதுகை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் மேலே தொப்பென்று ஈரமாக ஏதோ விழுந்தது. பார்த்தால் மூக்கம்மாள் கொடியில் காயப்போட்டிருந்த புதுச் சமுக்காளம்! பெட்டியையும் என்னையும் சேர்த்து மூடிவிட்டு, "உங்க ஈக மேல எனக்கு ஒண்ணும் பாசமில்ல அண்ணாச்சி. நீங்க மயங்கி விழுந்தீகன்னா தூக்க எனக்கு முட்டி இல்ல" என்றார்.

புகை அடங்கியதும் சாக்கை விலக்கிக் கையை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி வைத்தேன். இல்லை. தங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அப்படியே நின்றேன். பாண்டிராஜ் மண்டியிட்டுப் பெட்டியில் காதை வைத்துக் கேட்டார்.

"அண்ணாச்சி, உங்க கைதான் நடுங்குது. உள்ள ஜம்முனு இரையுது."

பிறகு குருவம்மாள் சுவரைப் பிடித்து வந்து என் கையைப் பெட்டிமேல் அழுத்திப் பிடித்தாள். அதன்பிறகுதான் எனக்கு அந்தத் துடிப்பு தெரிந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அழுதுவிட்டேன்.

தங்களுக்கும், பாண்டிராஜ் தம்பிக்கும், மூக்கம்மாளுக்கும் என் ஆயுள் உள்ளவரை நன்றி. மாப்பிள்ளைக்கும் இசைவாணிக்கும் எங்கள் ஆசிகள். இருக்கன்குடி மாரியம்மன் எல்லோருடைய மூட்டுகளையும் காக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
ரத்தினசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது பார்த்தால் பெட்டி காலி. ராணி முதற்கொண்டு மொத்தக் கூட்டமும் மூக்கம்மாள் வீட்டுக் காய்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் குடியேறிவிட்டது. "அதுகளா விரும்பி வந்துச்சு" என்கிறார். தன்னைக் கேட்காமல் இந்தத் தெருவில் இனி யாரும் மருந்து அடிக்கக் கூடாது என்று நகராட்சியில் எழுதியும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சாயங்காலம் அவர் வாசலில் நின்று, ஒரு தடவை கை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "மெதுவா வாங்க அண்ணாச்சி, பிள்ளைக உங்களப் பார்த்துப் பயந்திரும்" என்றார்.