வெர்னனின் பச்சைக் கோடு

"செத்துப் போச்சு" என்று ஆஸிலோஸ்கோப்பின் தலையில் தட்டினாள் சுரங்கக் கம்பெனி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் நோலீன். "தூக்கிப் போட்டுட்டு வா வெர்ன், டீ ஆறுது."

வெர்னன் அசையவில்லை. மின்சாரத்தின் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் அந்தக் கிழட்டுப் பெட்டியில் இப்போது துடித்துக்கொண்டிருந்தது அவன் பிழைப்பு.

மேனேஜர் ராட்னி காலையில்தான் மிரட்டிவிட்டுப் போயிருந்தார். "வெள்ளிக்கிழமை பிரிஸ்பேன்லேருந்து பெரியவங்க வர்றாங்க. இந்தப் பெட்டி அவங்க கண்ணு முன்னால பளபளன்னு நிக்கணும். சொதப்பினே, மறுபடி சுரங்கத்துக்குள்ளதான் உனக்கு வேலை."

வாலிபம் முழுக்கச் சுரங்கத்தில் செம்புத்தூள் தின்றவன் வெர்னன். முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறகே இந்த ரிப்பேர் மேசை கிடைத்தது.

மூடியைக் கழற்றினான். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று நிறைமாதமாய் வீங்கிக் கிடந்தது. மாற்றினான். பச்சைக் கோடு வந்தது. வந்து, சம்பள நாள் குடிகாரனாய் ஆடியது.

"ஒண்ணு போனா கூடப்பொறந்ததும் போயிருக்கும்" என்று பக்கத்திலிருந்ததையும் மாற்றினான். அவசரத்தில் ப்ளஸ்ஸும் மைனஸும் இடம் மாறின. டமார்! எட்டிப் பார்க்க வந்த ராட்னியின் வெள்ளைச் சட்டை முழுக்க, வெடித்த கெப்பாசிட்டரின் பஞ்சும் காகிதமும்.

"என்னய்யா, மீன் நாத்தம்?"

"அதோட குடலு, ராட்னி."

அப்புறம் வெறி பிடித்தது. கெட்டது, நல்லது, எல்லாவற்றையும் பிடுங்கினான்.

"அது நல்லாத்தானே இருக்கு?" என்றாள் நோலீன்.

"இன்னிக்கு நல்லாருக்கும். நாளைக்கு?"

சுவிட்சைப் போட்டான். பட்டறையே இருண்டது. ராட்னி தட்டிக்கொண்டிருந்த வரவேற்புரை கம்ப்யூட்டரோடு போனது. கேன்டீன் அடுப்பு அணைந்து, சாசேஜ் ரோல் பாதி வேக்காட்டில் நின்றது.

"உன் டிவிப் பொட்டிக்கு எங்க வயித்தை ஏன்டா காயப்போடுறே!" என்று வாசலில் கத்தினார்கள் சுரங்கத்து ஆட்கள்.

பற்றவைத்தபோது சிந்திய ஒரு பொட்டு ஈயம் இரண்டு கம்பிகளை ஒட்டவைத்திருந்தது. சுரண்டி எடுத்தான். வெள்ளிக்கிழமை காலை பச்சைக் கோடு நூல் பிடித்தாற்போல் நின்றது.

"எமன் வாயிலேருந்து புடுங்கிட்டியேடா!" நோலீன் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வெர்னனுக்குக் கண் கலங்கியது. மேசை தப்பித்தது.

அப்போது தச்சர் கிளிஃப் உள்ளே வந்தார். குனிந்து பிளக்கைப் பிடுங்கினார். பெட்டியின் வயரை ஒரே வெட்டு. கோடு மறைந்தது.

"யோவ்! என்னய்யா பண்றே?" என்று அலறினான் வெர்னன்.

"ஆபீஸ் வாசல்ல கம்பெனி மியூசியம் வைக்கிறாங்களே, கண்ணாடிக்குள்ள போற பெட்டிக்குக் கரண்ட் எதுக்கு?" கிளிஃப் டேப்பை இழுத்தார். "கொஞ்சம் எந்திரி வெர்ன், உன் மேசையையும் சேத்து அளவெடுக்கச் சொல்லியிருக்காரு ராட்னி."