ராகவன் வீட்டுச் சுண்டல்

அரசாங்க உத்தியோகத்தில் எனக்கு எதுவுமே காலத்தில் வந்ததில்லை. பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ், மாற்றல் எல்லாம் ஆடி அசைந்துதான் வந்தன. விருப்ப ஓய்வு வாங்கி, சால்வை போர்த்திய படத்தைச் சுவரில் மாட்டிய கையோடு வந்து நின்றது புராஸ்டேட் புற்றுநோய் ஒன்றுதான். (தில்லியில் எனக்கு ஜல்தியாக நடந்த ஒரே காரியம்.)

யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். எங்கள் பேட்டையான ஜனக்புரியின் தமிழர்கள் நல்லவர்கள். அவர்களுடைய "ஐயோ பாவ"த்தைத்தான் என்னால் தாங்க முடியாது. உண்மையைச் சொன்னால், பயம். வெளியே சொல்லாதவரை வியாதி இல்லை என்று ஒரு நினைப்பு. தினமும் கதிர்வீச்சுக்குப் போனேன். கேட்டவர்களிடம் யோகா வகுப்பு என்றேன்.

அந்தச் சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு படுக்க வேண்டும். குடலோ காலியாக, வாயுகூட இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே கடலை, பருப்பு எல்லாம் தடை. அந்த நேரம் பார்த்து நவராத்திரி வந்தது.

எதிர் பிளாக்கில் இருந்த ராகவன் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஒரு மாலை அவரும் மனைவியும் எங்கள் கொலுவுக்கு வந்து கடலைப்பருப்புச் சுண்டல் சாப்பிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மாமி ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையை நீட்டினார்.

"வேண்டாம் மாமி."

"ஏன், உடம்புக்கு என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிடச் சுண்டலைத் தின்பது சுலபமாக இருந்தது. இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை மெஷினில் படுத்திருந்தேன். ஸ்கேன் பார்த்த பெண் மைக்கில் பேசினாள். "அங்கிள், பேட் மே பஹுத் கேஸ் ஹை. கூம் கே ஆயியே." வயிறு முழுக்க வாயு, நடந்துவிட்டு வா என்கிறாள். வெளியே காத்திருந்த கூட்டம் மொத்தமும் கேட்டது.

முதுகில் நாடா கட்டிய நீல அங்கியோடு வராந்தாவில் நடந்தேன். காற்று போக வேண்டும், தண்ணீர் போகக் கூடாது. என் சர்வீஸில் எத்தனையோ பயிற்சிகளுக்கு அனுப்பினார்கள். இதற்கு மட்டும் அனுப்பவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல முக்கினேன்.

இரண்டும் சேர்ந்தே போயின.

கால் வழியாக இறங்கித் தரையில் தேங்கியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செத்துவிடலாம் என்றிருந்தது. (அதற்குத்தான் ஏற்கெனவே ஏற்பாடு நடந்துகொண்டிருந்ததே.) தலை நிமிர்ந்தால், எதிரே அதே நீல அங்கியில் ராகவன். அவரையும் பக்கத்து அறையிலிருந்து நடக்கச் சொல்லி விரட்டியிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"உங்களுக்கு எங்காத்துக் கொண்டைக்கடலை," என்றார். "எனக்கு உங்காத்துக் கடலைப்பருப்பு."

சிரித்தேன். பிறகு, ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து அழாத அழுகை அத்தனையும் அழுதேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்லை சார். நீங்க?"

"வாக்கிங் போறேன்னு சொல்லிண்டிருக்கேன். ராத்திரில ரொம்ப பயமா இருக்கு சார்."

"எனக்கும்தான்."

அன்றிலிருந்து மெட்ரோவில் சேர்ந்தே போனோம்.

எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும் சரி, கார் கிளம்பாவிட்டாலும் சரி, யார் தப்பு என்று கேட்பதில்லை, "யாராத்துச் சுண்டல்?" என்றுதான் கேட்போம். அந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பியவர் ராகவனேதான்.

எனக்கு நோய் அடங்கியது. அவருக்கு எலும்புக்குப் போய்விட்டது. போன தை மாதம் காலமானார். அதனால் இந்த வருஷம் அவர்கள் வீட்டில் கொலு இல்லை.

நவராத்திரி முதல் நாள் எங்கள் வீட்டில் நைவேத்தியம் ஆனதும் மனைவி கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"யாராத்துச் சுண்டல்?"

அவள் எதிர் பிளாக்கைப் பார்த்தாள்.

"நம்மாத்துதுதான்," என்றாள். "சாப்பிடுங்கோ."