இறக்கத்தில் குறையில்லை

எந்த வரைபடத்திலும் இல்லாத மேடுபுரி என்றொரு நாடு இருந்தது. வரைபடம் வரைய வந்தவர்கள் ஏறமுடியாமல் பாதியிலேயே திரும்பிவிட்டார்களாம். அங்கே பால் வாங்கப் போனாலும் ஏறவேண்டும், இல்லையென்றால் இறங்கவேண்டும். சமதளம் என்று இருந்தது அரண்மனையின் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுதான். அந்த நாட்டை ஆண்ட நித்தியஜெய மகாராஜா ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மக்கள் முன்னால் எழுந்து நிற்பார். மக்கள் கைதட்டினால் மறுபடியும் உட்காருவார். சென்ற முறை நின்றபோது கைதட்டல் கொஞ்சம் மந்தமாக இருக்கவே, பதறிப்போய், “வீட்டுக்கு ஒரு கார்” என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் காருக்கு எங்கே போவது என்று யோசித்தார்கள். அரண்மனை அதிகாரிகள் ஓட்டித் தேய்த்த டீசல் கார்கள் கொட்டகையில் சும்மா நின்றன. அவற்றைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மக்களுக்கு விற்றார்கள். பழசாயிற்றே என்று முணுமுணுத்தவர்களுக்கு ஓர் அரச உத்தரவாதமும் கிடைத்தது. இந்த ஆட்சி உள்ளவரை வண்டியில் என்ன பழுது வந்தாலும் அரசே இலவசமாகச் சரிசெய்து தரும். ஒரே ஒரு நிபந்தனை: அரசுப் பழுதுநீக்கக் கூடத்தைத் தவிர வேறு எந்தக் கை பானெட்டைத் திறந்தாலும் உத்தரவாதம் அந்த நிமிடமே செத்துப்போகும்.

கல்யாணச் சமையலில் பேர்போன மரகதவல்லிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வண்டி வாய்த்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு அண்டாக்களை உட்காரவைத்தாள். முதல் மாதம் வண்டி தங்கமாக ஓடியது. அப்புறம் ஏற்றம் வந்தால் மூன்று முறை இருமும், ஈர விறகு வைத்த அடுப்பைப்போலக் கரும்புகை விடும், நின்றுவிடும். ஒரு முகூர்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டார் மோர் குடித்துக் கைகழுவி எழுந்த பிறகுதான் சாம்பார் வந்து சேர்ந்தது. அவளுக்கு அன்று மானமே போயிற்று.

“நம்ம தெரு மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே மரகதம்” என்றார் அவள் கணவர் குழந்தைவேலு.

“நல்லா இருக்கே. வாரண்டியைக் கையில வச்சுக்கிட்டு வெளியில காட்டினா ஊரு சிரிக்காதா?” என்று வண்டியைப் பழுதுநீக்கக் கூடத்துக்கே கொண்டுபோனாள்.

பழுதுநீக்கத் துறை அமைச்சர் பரிபூரணர் நேரிலேயே வந்து பரிசோதித்தார். வண்டியில் ஏறி, மலையடிவாரம் வரைக்கும் ஓட்டி, அங்கிருந்து பல்லக்கில் திரும்பி வந்தார்.

“அம்மணி, வண்டி அற்புதமாக ஓடுகிறது.”

“ஐயா, நீங்க இறக்கத்துல ஓட்டியிருக்கீங்க. ஏத்தத்துலதான் நிக்குது.”

“ஏற்றம் என்பது வண்டியின் குறையன்று. நிலத்தின் குறை. அது வருவாய்த் துறையைச் சார்ந்தது” என்று கனிவோடு விளக்கி, ‘இறக்கத்தில் குறையில்லை’ என்று ஒரு சான்றிதழும் முத்திரை வைத்துக் கொடுத்தார்.

மரகதவல்லி ஒருத்திதான் இப்படி வந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுக்க வண்டிகள் இருமின. அதனால் அரசும் சும்மா இருக்கவில்லை, ஆணை மேல் ஆணையாகப் போட்டது. கரும்புகை விடும் வண்டிகள் மட்டுமே பழுதானவை என்று ஓர் ஆணை வந்தது. மறுவாரமே, புகை எந்த நிறத்தில் வந்தாலும் அதை ‘இளஞ்சாம்பல்’ என்றே அழைக்கவேண்டும் என்று இன்னோர் ஆணை வந்தது. துணி காயப்போட்டவர்கள் எல்லாம் தங்கள் இளஞ்சாம்பல் வேட்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

மரகதவல்லி விடவில்லை. தினமும் போய் வாசலில் நின்றாள். அவள் தொல்லை பொறுக்காமல் கடைசியில் வண்டியை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். அன்று வீட்டில் பாயசம் வைத்துக் கொண்டாடினாள் பாவம். யானை வாயில் போன கரும்பு என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஒரு சாமான் கப்பலில் வரவேண்டும் என்றார்கள். அப்புறம், கப்பல் வந்துவிட்டது, துறைமுகம்தான் இன்னும் வரவில்லை என்றார்கள். மேடுபுரிக்குக் கடலே கிடையாது.

உள்ளே போன வண்டிகள் ஒன்றும் திரும்பவில்லை என்று ஊரில் பேச்சு எழுந்ததும் பரிபூரணர் மாற்று வாகனத் திட்டத்தை அறிவித்தார். வண்டியைப் பறிகொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் வண்டியின் ஸ்டீயரிங்கைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஸ்டீயரிங் வைத்திருப்பவர் வண்டியில் செல்பவராகவே கருதப்படுவார். சாலையில் அதை இரண்டு கையாலும் பிடித்தே செல்லவேண்டும். கையை எடுத்தால் சிறை. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில், நாட்டின் அத்தனை வண்டிகளும் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று தெரியவந்தது. மன்னர் மகிழ்ந்துபோனார்.

மரகதவல்லிக்குத்தான் மகிழ்ச்சி இல்லை. இரண்டு கையிலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நடப்பாள். குழந்தைவேலு அண்டாக்களைத் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு பின்னால் வருவார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தானே சமையல்? ஒவ்வொரு வீடாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. கீழ்மலையில் ஒரே ஒரு வீட்டார் மட்டும், “உங்க கை ருசிக்காக இந்த ஒரு தடவை பார்க்கிறோம். தாமதமானா அப்புறம் எங்களைக் கேட்காதீங்க” என்று தாம்பூலம் கொடுத்திருந்தார்கள். இதுவும் போனால் அடுப்பைக் கவிழ்த்து வைக்கவேண்டியதுதான்.

அந்தக் கல்யாண நாள், மன்னர் மறுபடியும் எழுந்து நிற்கவேண்டிய நாளாக அமைந்தது. ஆளவிரும்புகிறவர் உச்சிவேளை மணி அடிப்பதற்குள் தம் வாகனத்தில் மலையுச்சி மண்டபத்துக்கு வந்து சேரவேண்டும் என்பது மேடுபுரியின் வழக்கம். வாகனத்தில் வராதவரை மக்கள் ஏறிட்டும் பார்க்கமாட்டார்கள். மரகதவல்லியும் கணவரும் விடிந்ததும் கீழ்மலைக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது, எதிரே மன்னரின் தங்கமுலாம் பூசிய கார் ஏறி வந்தது. அவர்களுக்குப் பக்கத்தில் வந்ததும் அது மூன்று முறை இருமியது. இளஞ்சாம்பலான கரும்புகையை விட்டது. நின்றது.

மரகதவல்லியின் கால் நின்ற இடத்திலேயே நின்றது.

“ஏங்க, இது நம்ம வண்டி.”

“கண்ணு தெரியலையா? ராஜா வண்டி அது.”

“மேல் பூச்சு ராஜாவோடது. இருமல் நம்மளோடது. எத்தனை ராத்திரி காதுல கேட்டிருக்கேன்.” அவள் நேரே கார் ஜன்னலுக்குப் போனாள். “அமைச்சரய்யா, என் இஞ்சின் இதுக்குள்ள எப்படி வந்துச்சு?”

மன்னருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டியை ஓட்டிவந்த பரிபூரணர் அசரவில்லை. “அம்மணி, தங்கள் இஞ்சின் உயர்நிலைப் பரிசோதனையில் இருக்கிறது. மாமன்னரே நேரில் பரிசோதித்து வருகிறார். எந்தக் குடிமகளுக்குக் கிடைக்கும் இந்தப் பேறு?”

“பேறு இருக்கட்டும். வண்டி நிக்குதே.”

மன்னர் தலையை நீட்டி, “யாரங்கே, தள்ளுங்கள்” என்று ஆணையிட்டார். சாலையில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அத்தனை பேர் கையிலும் ஸ்டீயரிங் இருந்தது. “கையை எடுத்தா செயிலுங்களே மகாராசா” என்றார் ஒருவர் பணிவாக. மன்னர் அமைச்சரைப் பார்த்தார்; அமைச்சர் வெயில் ஏறுவதைப் பார்த்தார். பிறகு மெல்லக் கதவைத் திறந்து இறங்கி, மரகதவல்லியின் முன் வந்து கைகூப்பினார்.

“அம்மணி, தங்கள் வாகனத்தைச் சற்று இரவல் தரமுடியுமா?”

சனியன் விட்டால் போதும் என்று அவள் ஸ்டீயரிங்கை நீட்டினாள். பரிபூரணர் அதை இரண்டு கையாலும் பிடித்து, பாம் பாம் என்று வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு, மலையுச்சியை நோக்கி ஓட்டம் பிடித்தார். வளைவில் கையைத் திருப்பி, ஒழுங்காக வளைந்தார். சட்டப்படி அவர் வாகனத்தில்தான் போனார்.

காருக்குள் மன்னர் தனியாக உட்கார்ந்திருந்தார். மரகதவல்லிக்குக் கோபம் கோபமாக வந்தது, நேரமும் போய்க்கொண்டிருந்தது. கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தாள்.

“மகாராசா, மேல ஏற இதுக்குத் திராணி இல்லை. கீழ இறங்க ஒரு குறையும் இல்லைன்னு உங்க அமைச்சரே முத்திரை வச்சுக் கொடுத்திருக்காரு. நான் கீழ்மலைக்குத்தான் போறேன். அண்டாவை ஏத்திக்கட்டுமா?”

மன்னர் மேலே பார்த்தார். ஹாரன் சத்தம் தூரத்தில் தேய்ந்துகொண்டிருந்தது. கீழே பார்த்தார்.

“சாம்பாரில் முருங்கைக்காய் உண்டா?”

“உண்டுங்க.”

“ஏற்று” என்றார் மன்னர், நகர்ந்து இடம் விட்டு.

மரகதவல்லி வண்டியைத் திருப்பி ஓட்டியதும் அது காற்றாய்ப் பறந்தது. குழந்தைவேலு முன் சீட்டில் கரண்டிகளோடு உட்கார்ந்திருந்தார். மன்னரின் மடியில் பெரிய அண்டா இருந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வரும் முன்பே மரகதவல்லி அடுப்பு மூட்டிவிட்டாள். முதல் பந்தி உட்கார்ந்த நேரத்தில் மலையுச்சியில் மணி அடித்தது. மன்னர் அதைக் கேட்டு எழுந்து அடுப்படிக்கு வந்தார். பிறகு, “ஏதாவது வேலை இருந்தால் கொடம்மா” என்றார். பரிமாற ஆள் குறைவு. பாயச வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

மூன்றாம் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் யாரும் எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனித்து எட்டிப் பார்த்தாள். நித்தியஜெயர் காலி வாளியோடு இலை இலையாகப் போய், “வந்துகொண்டே இருக்கிறது, இதோ வந்துவிடும்” என்று புன்னகையோடு சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிட்டவர்கள் கை காய்ந்துபோய், இலையை மூடாமல் காத்திருந்தார்கள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பழுதுநீக்கக் கூடத்து வாசலில் தான் நின்ற நாளெல்லாம் கண்ணில் வந்தன. போய் வாளியைப் பிடுங்கினாள்.

“இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க மகாராசா. அவங்க பாட்டுக்குக் கையைக் கழுவிக்கிட்டு வேற வேலையைப் பார்ப்பாங்க இல்ல?”

அப்படி ஒரு வழி இருப்பது இத்தனை வருட ஆட்சியில் தமக்குத் தோன்றவே இல்லை என்று மன்னர் உண்மையிலேயே வியந்தார்.

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சுரீர் என்று உறைத்தது. மணி அடித்தபோதே இந்த ஆட்சி முடிந்தது. ஆட்சியோடு உத்தரவாதமும் முடிந்தது. இனி யார் கை பட்டால் என்ன? வாசலுக்குப் போய், தன் கையாலேயே பானெட்டைத் திறந்தாள். பந்தியிலிருந்து நாலு பேர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். டீசல் வடிகட்டியில் காபிச் சக்கைபோல அழுக்கு அடைத்திருந்தது. ஆளுக்கொரு யோசனை சொல்லி, கழற்றி, கழுவி மாட்டினார்கள். வண்டி கல்யாண வீட்டுக்கு எதிரே இருந்த மேட்டில் இருமாமல் ஏறி, திரும்பி வந்தது. மரகதவல்லி அழுதுவிட்டாள். இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருடம் என்றுதான் அழுதாள்.

“இஞ்சின் உன்னுடையது. மீதியையும் நீயே வைத்துக்கொள். எனக்கு இனி எங்கே ஏறவேண்டியிருக்கிறது?” என்றார் நித்தியஜெயர்.

பொழுது சாயும்போது அரண்மனைத் தண்டோராக்காரன் இறங்கி வந்தான். பரிபூரண மகாராஜா வாழ்க என்று முழங்கினான். வாகனத்தில் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவரே என்பதால் மக்கள் ஏகமனதாகக் கைதட்டினார்களாம். முதல் ஆணையாக, எல்லா வண்டிகளுக்கும் பத்து வருட உத்தரவாதம். வண்டியை ஒப்படைத்து முத்திரை பெற்றுக்கொள்ளலாம்.

பந்தியில் பாதிப் பேர் ஸ்டீயரிங்கைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். குழந்தைவேலு மனைவியின் காதருகே வந்தார்.

“பத்து வருஷமாம் மரகதம். வாங்கிடலாமா?”

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். யோசித்தாள் என்பதை மறைத்தால் இந்தக் கதை பொய்யாகிவிடும். பிறகு கையிலிருந்த டீசல் அழுக்கைத் துடைத்துக்கொண்டு, தண்டோராக்காரனிடம் போனாள்.

“தம்பி, மலையிறங்கி வந்திருக்கே, உக்காரு. சோறு இருக்கு, சாம்பார் இருக்கு. பாயசம் தீர்ந்துபோச்சு.”

அரண்மனையில் வளர்ந்தவனுக்கு அது புரியவில்லை. இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, “பாயசம் எப்ப வரும்?” என்றான்.

“வராது” என்றாள் மரகதவல்லி, சிரித்துக்கொண்டே.