யானையின் சாய்மானம்

வண்டியின் பின்பக்கச் சாய்மானம் தரையில் விழுந்து, 'கடகட'வென்று உருண்டு, துணி துவைக்கும் மெஷினின் கதவில் மோதி நின்றது. கட்டிங் மெஷினை அணைத்தேன். அணைத்த பிறகுதான் மனைவியின் குரல் காதில் விழுந்தது.

"ஏங்க, உங்களைத்தான்! அம்மாவுக்கு முழங்கால் சரியாயிடுச்சாம். நாளைக்குக் காலையில அப்பாவும் அம்மாவும் வர்றாங்க. நம்ம யானையில ஒரு ரவுண்டு போகணுமாம்."

யானை என்பது அவர்கள் வீட்டுப் பழைய க்ரூஸர் பைக்கின் செல்லப்பெயர். நான் யானையைப் பார்த்தேன். முன்பாதி என் முன்னால் நின்றது. பின்பாதி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது.

கல்யாணம் முடிந்த கையோடு மாமனார் கொடுத்த வண்டி அது. தாழ்வாக, நீளமாக, தொப்பை மாதிரி பெட்ரோல் டேங்கும் சோபா மாதிரி சீட்டுமாக இருக்கும். பின்னால் உட்காருபவருக்கு முதுகு சாய்க்க இரும்பில் ஒரு சாய்மானம் உண்டு. சாவியை என் கையில் வைத்துவிட்டு மாமனார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"ஓட்டறது உங்க இஷ்டம் மாப்பிள்ளை. பின்னாடி சீட்டுக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாது."

மகள் உட்காரப்போகிற இடமாயிற்றே, தகப்பன் மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமியார் பக்கத்தில் நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமனார் பேச்சில் சிக்கனம். எதைக் கேட்டாலும் 'ம்ம், பாக்கலாம்' என்பார். ஆனால் யானையில் மலைக்குப் போன கதையை மட்டும் வாய் ஓயாமல் சொல்வார். இடது பக்கம் அருவியாம், வலது பக்கம் மானாம், திரும்பிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்க மேகமாம். கொண்டை ஊசி வளைவில் திரும்பி மேகம் பார்த்த மனிதர்! நான் கடைத்தெருவில் நேராகப் பார்த்து ஓட்டியே வாழைப்பழ வண்டியில் மோதியவன். மாமியாருக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து இருவரும் பஸ்ஸில்தான் போனார்கள். மனைவியைத் தனியே பஸ்ஸில் விட மனமில்லாமல் வண்டியையே துறந்தவர் என்று அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

அப்படிப்பட்டவரின் வண்டியைத்தான் நான் அறுத்திருந்தேன்.

எல்லாம் அந்தத் தாடிக்காரனால் வந்தது. எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மத்தியானம் ஆள் வராத நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். தாடி வைத்த ஒருவன் கிழட்டு க்ரூஸரை, மண்ரோட்டிலும் மேட்டிலும் தாவுகிற ஒல்லியான ஸ்க்ராம்ப்ளராக மாற்றுகிறான். கடைசியில் அதில் ஏறி ஒரு குட்டையைத் தாண்டுகிறான். அவனுக்கும் என்னைப் போலவே தொப்பை இருந்தது. அதுதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

மண்ரோட்டுக்கான மொட்டு மொட்டான பட்டன் டயர் போட்டேன். சைலன்சரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். சீட்டைக் குட்டையாக்கினேன். மிச்சமிருந்தது வால்தான். அது இப்போது தரையில் கிடந்தது.

"அப்பா திட்டுவாரா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"அப்பா என்னிக்கு யாரைத் திட்டியிருக்கார்? அம்மாவை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு."

"அதுக்கென்ன, அத்தை குறை சொல்லச் சமையலே வேண்டாம். சாப்பாட்டை வெளியில வாங்கிக்கலாம்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது பார்த்து அவள் கண்ணில் துவைக்கும் மெஷினின் கதவு பட்டது. அது உள்பக்கமாக நசுங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"நாளைக்கு நீங்களே பாத்துக்குங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இதை நீங்களேவா சார் பண்ணீங்க?"

"ஆமா."

"அதான பார்த்தேன். காசு வாங்கிக்கிட்டு ஒருத்தன் இப்படிப் பண்ண மாட்டான்."

"பழையபடி ஆக்கிட முடியுமா?"

"பழைய சீட்டு?"

"குஷன் கடையில கிழிச்சுப் புது சீட்டுக்குப் பஞ்சு எடுத்துட்டாங்க."

"பழைய டயர்?"

"நீங்கதானே கொண்டு போனீங்க."

"அட, ஆமால்ல!" என்று சிரித்தார். "அது இப்போ ஒரு பால்காரர் வண்டியில ஜோரா ஓடுது சார்."

"அந்தச் சாய்மானத்தையாவது பத்த வெச்சுக் குடுங்க."

வெல்டிங் பொறி பறந்தது. முடிந்ததும் பார்த்தால், சீட்டு குட்டையாகிவிட்டதால் சாய்மானம் எனக்கு நேர்பின்னால் வந்து நின்றது. நடுவில் ஒரு சப்பாத்திக்கட்டைதான் உட்காரலாம். அதைப் பெயர்த்து, இரண்டு இரும்புக் குழாய் வைத்துப் பின்னால் நீட்டினார். இப்போது இடம் கிடைத்தது. மனைவியை உட்காரவைத்து ஸ்டார்ட் செய்தேன்.

"ஐயோ, என் காலு!" என்று குதித்து இறங்கினாள். தூக்கிவைத்த சைலன்சர், பின்னால் உட்காருபவரின் கெண்டைக்கால் மீது உரசிக்கொண்டிருந்தது.

சைலன்சரைச் சுற்றிப் பழைய துண்டைக் கட்டினேன். துண்டு புகைந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். துண்டு அணைந்தது. வண்டியும் அணைந்தது. பிறகு எத்தனை உதைத்தும் இருமல்தான் வந்தது.

"தண்ணி உள்ள போயிடுச்சு சார்" என்று மெக்கானிக் பையை எடுத்தார். "திங்கக்கிழமை வர்றேன்."

"நாளைக்கே மாமனார் வர்றாரே!"

"அதனாலதான் திங்கக்கிழமை வர்றேங்கறேன்."

பட்டன் டயரால் வண்டி உயர்ந்துவிட்டதில் சைடு ஸ்டாண்டு எட்டவில்லை. அடியில் ஒரு செங்கல்லை வைத்து, மேலே படுக்கை விரிப்பைப் போர்த்தினேன். பார்க்க, காய்ச்சலில் படுத்திருக்கிற ஒட்டகம் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ஆட்டோவிலிருந்து மாமனார் இறங்கும்போதே கையில் ஹெல்மெட் இருந்தது. பின்னால் மாமியார் ஒரு துணிப்பையுடன், படிகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதுபோல் ஏறி வந்தார்.

"வாங்க மாமா, வாங்க அத்தை! வண்டிக்கு... கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"ம்ம், பாக்கலாம்" என்று மாமனார் நேராக வண்டியின் வால்பக்கம் போய் விரிப்பைத் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது. மெதுவாகச் சாய்மானத்தைத் தொட்டார்.

"ஆடுதே."

"லேசா ஆடும் மாமா."

"சாஞ்சா?"

"சாயாம இருந்தா நல்லது மாமா."

அவர் முகம் பொம்மை உடைந்த குழந்தையின் முகம்போல் ஆகிவிட்டது. என்னால் அந்த முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

அதற்குள் மாமியார் முன்பக்கம் போயிருந்தார். கிளட்சை அமுக்கிப் பார்த்து, "கேபிள் இழுக்குதே" என்றார்.

"அத்தை, கையில கிரீஸ் ஆயிடும். உள்ள போய் ஃபேன் கீழ உக்காருங்க."

"டயர் நல்லா இருக்கு. இந்த உயரமும் என் காலுக்குச் சௌகரியமாத்தான் இருக்கும். ஏன், ஏர் ஃபில்டர்ல தண்ணி போயிடுச்சா?"

"வண்டின்னா தண்ணி படத்தான் செய்யும் அத்தை. காபி சாப்பிடறீங்களா?"

வாசலில் என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அதைப் பார்த்ததும் எனக்கும் மனசு உடைந்துவிட்டது.

"மாமா, மன்னிச்சிடுங்க! உங்க வண்டியை நாசம் பண்ணிட்டேன். எத்தனை ஆசையா வந்தீங்க! அருவி, மான், மேகம்னு அந்த மலையெல்லாம் ஓட்டின வண்டி. ஒரு தாடிக்காரனை நம்பி அறுத்துட்டேன். தெரு முழுக்கக் கேக்கற மாதிரி திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா 'பாக்கலாம்'னு மட்டும் சொல்லாதீங்க. நேராச் சொல்லுங்க, என் மேல கோபமா?"

மாமனார் என்னைப் பார்த்தார். சாய்மானத்தைப் பார்த்தார். வழக்கம்போல "ம்ம்" என்றார். பிறகு, ஸ்கூலில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி மாமியாரைப் பார்த்தார்.

மாமியார் துணிப்பையிலிருந்து தோல் கையுறைகளை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தார். கிரீஸ் படாமல் இருக்க வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறாரே, என்ன முன்யோசனை என்று வியந்தேன்.

"அவரை ஏன் கேக்கறீங்க மாப்பிள்ளை?" என்றார் மாமியார். "அந்த மலையெல்லாம் ஓட்டினது நான். இவர் வேடிக்கை பாத்துக்கிட்டே ரெண்டு தடவை பின்னாடி விழுந்துட்டாருன்னுதான் அந்தச் சாய்மானத்தையே வெச்சேன்!"