ஏழாம் குறிப்பும் என் இரண்டாம் பெயரும்

ஜோக்ஜா ஜாவா புரோகிராமர்கள் வட்டத்தின் ‘செய்தியும் குறிப்பும்’ மாத மடலைப் பல்லைக் கடித்துக்கொண்டு நடத்திவரும் ஆசிரியை, மதிப்பிற்குரிய திருமதி ரெத்னோ வுலந்தாரி அவர்களின் மேலான கவனத்துக்கு,

க்ளாத்தெனிலிருந்து ஓய்வுபெற்ற புரோகிராமர் பொனிமன், வயது அறுபத்திரண்டு, பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் கணவரும் பிள்ளைகளும் தங்கள் கணினியும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி சுலஸ்மியும் சுகம். என் கணினிக்கு மட்டும்தான் மூச்சிரைக்கிறது. ஆறு மாதத்துக்கொருமுறை ‘ஜாவாவின் புதுப் பதிப்பு வந்துவிட்டது, உடனே மாறுங்கள்’ என்று நீங்கள் முதல் பக்கத்தில் செய்தி போடுகிறீர்கள், நானும் மாறுகிறேன், பாவம் அது என்ன செய்யும். இது புகார்க் கடிதம். இருந்தாலும் மரியாதை மரியாதைதான், அதனால் நலம் விசாரித்துவிட்டு ஆரம்பிக்கிறேன்.

உங்கள் குறிப்புகளை நான் எப்படி மதிக்கிறேன் என்பதற்கு என் வீடே சாட்சி. ‘வெள்ளிக்கிழமை எதையும் மாற்றாதே, மாற்றினால் சனி ஞாயிறு உனக்குச் சொந்தமில்லை’ என்று போன வருஷம் எழுதினீர்கள். அந்த வெள்ளிக்கிழமை பார்த்து எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனது. “மாத்திக் குடுங்க” என்றாள் சுலஸ்மி. “இன்னிக்கு எதையும் மாத்தக் கூடாது, ஆசிரியை சொல்லியிருக்காங்க” என்றேன். திங்கட்கிழமை வரைக்கும் முனைக்கடை கூடெக்தான், மூன்று வேளையும் பலாக்காய். பிறகு, ‘கேட்டவருக்கு வெறுமையைத் திருப்பிக் கொடுக்காதே, உள்ளே இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று தெரியும்படி ஒரு பெட்டியில் வைத்துக் கொடு, திறப்பவர் பார்த்துத் திறக்கட்டும்’ என்றீர்கள். அருமையான குறிப்பு, உடனே அதை ஒரு சீட்டில் எழுதி க்ருப்புக் வறுவல் டின்னில் ஒட்டினேன். வார்டுத் தலைவர் வந்தபோது சுலஸ்மி அந்த டின்னை அவர் முன்னால் வைக்க, மனிதர் சீட்டைப் படித்தார், திறந்தார், உள்ளே ஒன்றும் இல்லை. “வந்தவங்க முன்னாடி இப்படி மானத்தை வாங்கிட்டீங்களே, உங்க ஆசிரியை மட்டும் என் கையில கெடைச்சாங்க...” என்றாள். மீதியை நான் எழுதவில்லை, நீங்களும் கேட்காதீர்கள்.

நான் என்ன வேலை பார்த்தேன் என்பது சுலஸ்மிக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியாது, இதுதான் இந்தக் கதைக்கே வேர். பாத்திக் துணிக் கூட்டுறவுச் சங்கத்தில், எந்தத் துணி எந்தக் கடைக்குப் போயிற்று என்று சொல்லும் மென்பொருளை நான்தான் தனி ஆளாகக் கட்டி எழுப்பினேன். “ஜாவா மொழியில எழுதறேன்” என்று முதன்முதலில் சொன்னபோது, “பொறந்ததுலேர்ந்து நாம அதைத்தானே பேசறோம், அதை எழுதறதுக்கா சம்பளம் குடுக்கறாங்க? நல்லா ஏமாத்தறீங்க!” என்றாள். அன்றோடு நான் விளக்குவதை விட்டேன். தெருவில் எல்லாரிடமும், “எங்க வீட்டுக்காரர் பிரிண்டர் ரிப்பேர் பண்ணுவார்” என்றே சொல்லி வைத்திருக்கிறாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையானால் வாசலில் யாராவது பிரிண்டரும் கையுமாக நிற்கிறார்கள். அப்படியிருக்கும்போதுதான் உங்கள் அழைப்பு வந்தது. ஆண்டுக் கூட்டத்தில் இருபது நிமிஷம், தலைப்பு ‘இல்லாததைக் கையாள்வது எப்படி’, மேடையில் பெயர் சொல்லி அழைப்போம் என்று எழுதியிருந்தீர்கள். அவள் அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். “மைக்குல உங்க பேரைச் சொல்லுவாங்களா? அத்தனை பேர் முன்னாடியா? அப்ப நானும் வரேன்” என்று பச்சைக் கெபாயாச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். அவள் காதில் என் பெயர் ஒருமுறை விழ வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இனிமேல்தான் புகார். பல வருஷமாகக் கூட்டத்துப் பக்கமே வராத எனக்குப் பதிவுப் படிவம் என்று ஒன்று அனுப்பினீர்களே, அதில் முதல் பெயர் என்று ஒரு கட்டம், இரண்டாம் பெயர் என்று ஒரு கட்டம். நம் ஐந்து நாள் சந்தை வாரத்தில் ‘பொன்’ என்ற நாளில் நான் பிறந்தேன், அப்பா பொனிமன் என்று வைத்தார், அதோடு அவர் வேலை முடிந்தது. இந்தத் தீவில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர்தான், இது புரோகிராமர்களுக்குத் தெரியாதா? கட்டத்தைக் காலியாக விட்டேன், ‘இரண்டாம் பெயர் கட்டாயம்’ என்று சிவப்பாகச் சொன்னது. ஒரு கோடு போட்டேன், ‘குறைந்தது இரண்டு எழுத்து’ என்றது. இரண்டு கோடு போட்டேன், ‘எழுத்துகள் மட்டும்’ என்றது. சரி போ என்று ‘இல்லை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன், மகராசனாக ஏற்றுக்கொண்டது. மறுநாளிலிருந்து ‘அன்புள்ள திரு. இல்லை அவர்களுக்கு’ என்று மின்னஞ்சல். “யாருங்க அந்த இல்லை? அவருக்கு வர்ற கடுதாசியை நீங்க ஏன் படிக்கறீங்க?” என்று சுலஸ்மி கேட்டாள். எங்கள் காலத்தில் இப்படியா? வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம், பக்கத்தில் ஒரு பேனா, அவ்வளவுதான். இந்தப் படிவத்தை எந்தப் புண்ணியவான் எழுதினானோ!

கூட்டத்தன்று முதல் ரயிலிலேயே வந்துவிட்டோம். வாசலில் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்த கெந்திஸ் என்ற பெண் பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். “மன்னிச்சுக்கங்க பாக்” என்று மரியாதையாகவே ஆரம்பித்தாள், “உங்க பேர் இல்லையே.” “நல்லாப் பாரும்மா, இல்லைன்னுதான் இருக்கும்” என்றேன். “அதான் பாக், இல்லை.” “அந்த இல்லைதாம்மா நான்!” இப்படியே நாலைந்து நிமிஷம் போயிருக்கும். அவள் தலைக்கு மேலேயே என் படம் போட்ட பெரிய தட்டி தொங்கியது. “ஏம்மா, அந்தப் படத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறது யாரு?” என்று கேட்டேன். அண்ணாந்து பார்த்தாள். “நீங்கதான் பாக். ஆனா லிஸ்ட்டுல இல்லையே!” என்றாள், அழாத குறையாக. அமைப்பாளர் மாஸ் பிமோ ஓடிவந்து பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. போன மாத மடலில் உங்கள் ஏழாம் குறிப்பு என்ன? ‘பட்டியல்களில் “இல்லை”, “எக்ஸ் எக்ஸ் எக்ஸ்” என்றெல்லாம் இருக்கும் வரிகள் போலியானவை, அவற்றைத் துடைத்துவிட்டால் வேகம் கூடும்.’ பிமோ உங்கள் விசுவாசமான வாசகர். முந்தின நாள் பட்டியலைத் துடைத்திருக்கிறார், அதோடு நானும் போய்விட்டேன். வேகம் கூடியதா என்று கேட்டேன். “கூடிச்சு பாக்” என்றார் தலையைச் சொறிந்துகொண்டு.

இதற்குள் சுலஸ்மி உள்ளே போயாகிவிட்டது. ஆமாம்! விருந்தினர் என்று அவளைச் ‘சுலஸ்மி பொனிமன்’ என்று நான் பதிந்திருந்தேன், இரண்டு கட்டமும் நிறைந்த முழு மனுஷி அவள். கழுத்தில் அட்டை, தோளில் பை, கையில் தின்பண்டப் பெட்டி. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று லெம்பர் சோற்றுருண்டையின் இலையைப் பிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். “என்னங்க, பேசப்போறது நீங்களா நானா?” நிஜமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு வீட்டுக்கே போய்விடலாம் போலிருந்தது. கெந்திஸ் சொன்னாள்: “உள்ள வந்தவங்க தங்களோட விருந்தாளியா ஒருத்தரைச் சேத்துக்கலாம் பாக், ஆனா அதுக்கும் ரெண்டாம் பேர் வேணும்.” நான் வாயைத் திறப்பதற்குள் சுலஸ்மி பெட்டியை என் கையில் திணித்துவிட்டு மேசையைத் தட்டினாள். “இதுக்கா இவ்ளோ நேரம் நிக்க வெச்சிருக்கீங்க? என் பேருக்குப் பின்னாடி அவர் பேரைப் போட்டீங்கள்ல? அவர் பேருக்குப் பின்னாடி என் பேரைப் போடு. பொனிமன் சுலஸ்மி. எழுது கண்ணு.” கெந்திஸ் எழுதினாள், இயந்திரம் பச்சையாகச் சிரித்தது. முப்பத்தைந்து வருஷத் தாம்பத்தியத்துக்குப் பிறகு, மனைவியின் விருந்தாளியாக நான் என் கூட்டத்துக்குள் நுழைந்தேன்.

மேடையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துத்தானே அழைப்பார்? “அடுத்துப் பேச வருபவர், திரு. பொனிமன் சுலஸ்மி!” என்று மைக் முழங்கியது. நான் எழுந்தேன், பக்கத்தில் அவளும் எழுந்துவிட்டாள். “என் பேரையும்ல சொல்றாங்க! என்னையும் கூப்புடறாங்களா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள், கண்ணில் நீர். “உக்காரு உக்காரு, எனக்கு மட்டுந்தான்” என்றேன். ஆனால் அவளை உட்கார வைக்க எனக்கே மனம் வரவில்லை. மேடையேறியதும், தயாரித்து வந்த எழுபது ஸ்லைடுகளையும் ஓரம் கட்டிவிட்டு வாசலில் நடந்த கதையையே சொன்னேன். கூரை பறக்கச் சிரித்தார்கள். “இங்க ஒத்தைப் பேர்க்காரங்க யாரெல்லாம்? எழுந்திரிங்க பாப்போம்” என்றேன். நம்புவீர்களா, நாற்பத்தாறு பேர் எழுந்தார்கள்! ஒருவர் இரண்டாம் பெயராகச் சொந்த ஊரைப் போட்டிருந்தார், ஒருவர் மாமியாரை, ஒருவர் தன் பூனையை. துகிஜோ என்பவர் தன் பெயரையே இரண்டு தரம் போட்டிருந்தார். அத்தனை பேரும் வருஷக்கணக்காக வாய் திறக்காமல் பொய்ப் பெயர் போட்டு வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். ‘இல்லாததைக் கட்டாயம் என்று கேட்டால் பொய்தான் கிடைக்கும்’ என்றேன், அதுதான் என் இருபது நிமிஷப் பேச்சின் சாரம். உங்கள் மடலுக்குக் குறிப்பாக வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ் பிமோ அங்கேயே படிவத்தின் நிரலைப் பெரிய திரையில் திறந்தார். இரண்டாம் பெயர் கட்டாயம் என்ற அந்த ஒரே ஒரு வரியை அழிக்கும்போது, ஏதோ கோல் போட்டதுபோல் அரங்கமே ஆர்ப்பரித்தது. நான் விடவில்லை. “எந்த வரியை யார் எப்ப எழுதினாங்கன்னு வரலாறு இருக்குமே மாஸ், யாருன்னு பாருங்க!” என்று மைக்கிலேயே கேட்டேன். பிமோ திரையை அணைத்துவிட்டுத் தன் கணினியில் மட்டும் பார்த்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் கணினியைப் பார்த்தார். “இப்ப வேணாம் பாக், சாப்பாடு ஆறிடும்” என்று சிரித்துக்கொண்டே மூடிவிட்டார். அந்தச் சிரிப்பே சரியில்லை. கூட்டாளியைக் காப்பாற்றுகிறார், எனக்குத் தெரியாதா?

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஏழாம் குறிப்புக்காக நீங்கள் வருந்த வேண்டாம், நல்லெண்ணத்தில் எழுதியது. ஆனால் அந்த வரியை எழுதிய பேர்வழி யாரென்று விசாரித்து, அவர் பெயரை அடுத்த மடலின் முதல் பக்கத்தில், புதுப் பதிப்புச் செய்திக்கும் மேலே, கொட்டை எழுத்தில் போட வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர்களின் அருமை தெரியாத அந்த மேதாவி, எங்கள் நாற்பத்தேழு பேரிடமும் பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும். இதில் தயவு தாட்சண்யமே கூடாது.

மற்றபடி சுலஸ்மி இப்போது தெருவில் எல்லாரிடமும், “எங்க வீட்டுக்காரர் இல்லாததை எல்லாம் கையாளுவார்” என்று சொல்லிவருகிறாள். பிரிண்டர்கள் வருவது குறைந்திருக்கிறது. ‘பொனிமன் சுலஸ்மி’ என்ற அந்தப் பெயர் அட்டை சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்குகிறது. தங்களுக்கும், மாஸ் பிமோவுக்கும், அழாமல் சமாளித்த கெந்திஸுக்கும் எங்கள் இருவரின் ஆசிகள். உங்கள் நிரல்கள் முதல் ஓட்டத்திலேயே ஓடட்டும், உங்கள் வெள்ளிக்கிழமைகள் நிம்மதியாக விடியட்டும்.

இப்படிக்கு,
பொனிமன்
(இரண்டாம் பெயர் கட்டாயமில்லை)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன், பிமோ மூடி மறைத்ததை நாமே பார்த்துவிடலாம் என்று அந்த வரலாற்றை என் கணினியில் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். அந்த வரி பதினேழு வருஷத்துக்கு முன்னால் எழுதப்பட்டது. நம் வட்டத்தில் பதினோரு பேரே இருந்த காலம். நோட்டுப் புத்தகம் தொலைந்துபோய், ‘நான் பார்த்துக்கறேன்’ என்று ஒரு அதிகப்பிரசங்கி படிவம் செய்து கொடுத்திருக்கிறான். வரிக்கு மேலே காரணமும் எழுதி வைத்திருக்கிறான்: ‘நேற்று இன்னொரு பொனிமன் வந்து என் தின்பண்டப் பெட்டியை வாங்கிப் போய்விட்டார். இனி இரண்டாம் பெயர் கட்டாயம்.’ கீழே கையெழுத்து, ஒற்றைப் பெயர். ஆகவே ஆசிரியை அவர்களே, மேலே எழுதிய முழுவதையும் துடைத்துவிடுங்கள், உங்களுக்குத்தான் துடைத்துப் பழக்கம் உண்டே, மன்னிப்பு, கொட்டை எழுத்து எதுவும் வேண்டாம் என்று எழுத உட்கார்ந்தேன். ஆனால் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த சுலஸ்மி அடுத்த வரியையும் பார்த்துவிட்டாள். படிவம் வேலை செய்கிறதா என்று சோதிக்க அன்றைக்கு நான் ஒரு ஆளை உள்ளே போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் பெயர்: பொனிமன். இரண்டாம் பெயர்: சுலஸ்மி. எனக்குச் சுத்தமாக மறந்தேபோயிருந்தது. அவள் சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கிய பெயர் அட்டையை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “கொட்டை எழுத்துலயே போடச் சொல்லுங்க. ரெண்டு பேரையும்.”